குதிரைக்கு ஆகாத செடி

"நீங்க குதிரைக்கு மரம் பாக்குறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

நாற்றுப்பண்ணைக்காரர் கேட்டே விட்டார். பின்னே? பத்து மரம் விற்க மூன்று நாளாக அந்தக் குதிரைப் பண்ணைக்கு நடையாய் நடக்கிறார்.

பண்ணை முதலாளி சிரித்தார். "வெயில்ல நிக்குதுங்களேன்னு நிழலுக்கு வைக்கிறேன். அதுவே அதுங்களுக்கு எமனாயிடக் கூடாது பாருங்க."

"அப்ப மல்பெரி வைங்க. இலையைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"காய்ஞ்ச இலை?"

"அதுவும்தான்."

"பட்டையைக் கடிச்சா?"

"கடிக்கட்டும் ஐயா. மரத்துக்குத்தான் வலிக்கும்."

லாயத்தில் வேலை செய்பவரும் அவர் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மனைவியின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

"வாயில்லா ஜீவன் மேல எவ்வளவு பிரியம்! யாருக்கு வரும் இந்த மனசு?" என்று அவள் உருகிப்போனாள்.

உண்மைதான். "இதுங்க குதிரை இல்ல, என் புள்ளைங்க" என்றுதான் முதலாளி எல்லோரிடமும் சொல்வார்.

ஒருவழியாக மல்பெரி முடிவாயிற்று. மரம் நட இடம் பார்க்கப் பின்பக்க வேலியோரம் போன நாற்றுப்பண்ணைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு செடிகள் இளஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தன.

"ஐயா, இது அரளியாச்சே! யார் வெச்சது?"

"நான்தான், போன மாசம். வேலிக்கு அழகா இருக்கட்டுமேன்னு. விதைதானே விஷம்? காய் விட்டா கிள்ளிடலாம்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க. இலை, பூ, பட்டை, எல்லாமே விஷம். ஒரு பிடி இலை போதும், குதிரை அவ்வளவுதான்."

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "என் புள்ளைங்களுக்கு நானே விஷம் வெச்சிருக்கேனே!"

லாயக்காரர் மண்வெட்டியோடு ஓடினார். மதியத்துக்குள் பன்னிரண்டும் வேரோடு வெளியே வந்தன. உதிர்ந்த இலைகளைக்கூட விடாமல் முதலாளியே குனிந்து குனிந்து பொறுக்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"குழி தோண்டிப் புதைச்சிடவாங்க?" லாயக்காரர் கேட்டார்.

"பூக்குற செடியைப் போய் யாராவது புதைப்பாங்களா? உன் வீட்டு வாசல்ல நட்டுக்க. அந்தப் பக்கம் குதிரை வராது, பயமில்ல."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"ஐயா, பாப்பா கையில கிடைச்சதையெல்லாம் வாயில போட்டுக்கிறாளே..."

முதலாளி கைமண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். குழந்தையின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

"இதுக்கா பயப்படுற? குதிரைக்குத்தாம்மா சொன்னாப் புரியாது. குழந்தைக்குச் சொன்னாப் புரியுமில்ல?"