மேலே இருந்த பெட்டி

"அலமாரியில மேல இருக்கிற பெட்டியைத்தான் பிரிக்கணும். வேற எதுவும் வேண்டாம்."

கட்டிலில் கிடந்த அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டதும் புது நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிவாதத்துக்கு இதுவா நேரம்!

மாதம் நிறைந்த வயிறு. பிடித்த வலி விடவே இல்லை. வயிறு கல்லாக இறுகிக் கிடக்க, உள்ளே பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்வரை வலியை அடக்கினால்தான் பிள்ளை தப்பும்.

அதற்கு இரண்டு மருந்துகள் உண்டு, பழையது ஒன்று, புதியது ஒன்று. எது மேல் என்று பார்க்க இந்த வார்டில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே மாதிரிப் பெட்டிகள், வெளியே வெறும் எண். உள்ளே இருப்பது எந்த மருந்து என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவளுக்கும் தெரியாது. மேலே இருப்பதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நர்ஸுக்கு இது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிள்ளை உயிரில் என்ன சீட்டுக் குலுக்கல் வேண்டிக்கிடக்கிறது? புது மருந்துதான் நல்லது என்று வார்டில் எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

டாக்டரும் அந்தக் கட்சிதான் போலிருக்கிறது. மருந்து டிராலியிலிருந்து புது மருந்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஆய்வு கிடக்கட்டும் மேடம். இதையே போட்டுடறேன்."

அப்பாடா என்றிருந்தது நர்ஸுக்கு. ஆனால் அந்த அம்மா படுத்த படுக்கையிலேயே ஒற்றைக்காலில் நின்றாள்.

"சொன்னாக் கேளேன்மா" என்று தலைமாட்டில் நின்ற கணவர் கெஞ்சினார். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் டாக்டரிடமிருந்து எடுக்கவில்லை.

"எது நல்லதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் டாக்டர்.

"தெரியாதில்ல? அப்போ பெட்டியை எடுங்க."

நர்ஸ் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாள். மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். இவளெல்லாம் ஒரு தாயா?

மருந்து ஏறியது. அப்போதுதான் நர்ஸ் கவனித்தாள்: அந்த அம்மாவின் கண்ணீர் காதோரமாக வழிந்து தலையணையை நனைத்திருந்தது. அந்த அறையில் எல்லோரையும்விட அவள்தான் அதிகம் பயந்துபோயிருந்தாள்.

வயிறு மெல்ல இளகியது. துடிப்பு ஏறியது, ஏறி நிலைத்தது. கணவர் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தியேட்டர் தயார் என்று குரல் வந்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காலிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"இது எந்த மருந்துன்னு கேட்டுச் சொல்லட்டுமா மேடம்? உங்களுக்கு இல்லாத உரிமையா? இந்த ஆய்வை ஆரம்பிச்சதே நீங்கதானே."

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சேர்வதற்கு முன்பே பிரசவ விடுப்பில் போன பெரிய டாக்டரா இவர்?

"வேண்டாம். ஒவ்வொரு அம்மா கையையும் பிடிச்சுக்கிட்டு, எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதும்மான்னு சொன்னவ நான்" என்றார் அவர். "என் பிள்ளைன்னா மட்டும் தெரிஞ்சிடுமா?"

டாக்டர் புது மருந்தைத் திரும்ப டிராலியில் வைத்தார். நர்ஸ் கட்டிலைத் தள்ளினாள்.