தொட்டி குடுத்த வாக்கு

அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில இருந்த தண்ணித்தொட்டி, "நான் நிறைஞ்சு வழிஞ்சா எல்லாம் உங்களுக்குத்தான்"னு வாக்குக் குடுத்திருந்துச்சு. அதை நம்பி, பக்கத்துக் குடிசைங்களோட குடங்கள் காலையிலேர்ந்து கீழ வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சுங்க. பச்சைக்குடத்தோட வீட்டுல உலை வைக்கக்கூடத் தண்ணி இல்ல.

"அண்ணே, நிறைஞ்சிட்டீங்களா?"ன்னு அது கேட்டுச்சு.

"அப்பவே நிறைஞ்சாச்சும்மா."

"அப்ப ஏன் வழியல?"

"வழிஞ்சா வீணாயிடுமேன்னு பக்கத்துல இன்னொரு தொட்டி வெச்சிட்டாங்க. அது நிறையட்டும்."

"அதுவும் நிறைஞ்சிட்டா?"

"மூணாவதுக்கு ஆர்டர் போட்டாச்சு. சோம்பேறித்தனமா நிக்காதீங்க, நம்பிக்கையோட நில்லுங்க."

பச்சைக்குடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அது உருள ஆரம்பிக்க, பின்னாடியே மத்த குடங்களும் கடகடன்னு உருண்டுச்சுங்க.

"எங்கம்மா எல்லாரும் கெளம்பிட்டீங்க?"ன்னு தொட்டி பதறிச்சு.

"மோட்டார்கிட்டதாண்ணே. தண்ணி மேல ஏறினப்புறம்தானே எறங்க இவ்ளோ யோசிக்குது."