டிபென்டென்ட் விசா

“என் மகன் பொண்டாட்டி பின்னால வாலாப் போக மாட்டான். அம்புட்டுதான் பேச்சு.”

சாப்பிட்ட கையைக் கழுவாமலே சொல்லிவிட்டார் அய்யாதுரை. சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிற முதலாளி. கீழே பிரஸ், மேலே வீடு. அவர் குரல் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

மருமகள் பிரீத்திகா மோர்ச் சட்டியைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கிற கம்பெனி. பிரிண்டிங் படித்துவிட்டு இங்கே அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்த்துக்கொண்டிருந்தவளை, பல சுற்று இண்டர்வியூ வைத்துத் தேடி எடுத்திருந்தார்கள். வேலை விசா அவள் பேரில். கணவன் சூர்யபிரகாஷ் கூடப் போவதென்றால், அவளைச் சார்ந்தவன் என்கிற கணக்கில், டிபென்டென்ட் விசாவில்தான் போக வேண்டும்.

வருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். ஏற்கெனவே தவணை கேட்டு வாங்கியாயிற்று. இனிக் கேட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சூர்யா தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கு முழுச் சம்மதம். சேதி வந்த அன்றைக்கே ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தவன். எனக்கென்ன பிரீத்தி, நாளைக்கே கிளம்பலாம், அப்பா ஒரு வார்த்தை சரின்னுட்டாப் போதும் என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற வழியாக இல்லை.

“விருதுநகர் சரவணக்குமார் அத்தான் அமெரிக்கா போனப்ப, அவுக வீட்டுக்காரம்மா இதே மாதிரி விசாவுலதான மாமா போனாக? அன்னைக்கு யாரும் வால்னு சொல்லலையே?”

“அவ பொம்பளை.”

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு முகம் சிவந்துபோனது. ஆனாலும் கோபப்பட நேரமில்லை. நிதானமாக எடுத்துச் சொன்னாள். அந்த விசாவில் போனாலும் கணவர் அங்கே தாராளமாக வேலை பார்க்கலாம். சும்மா உட்கார வேண்டியதில்லை.

எவன்கிட்டயோ போய்க் கைகட்டி நிற்கவா இங்கே பிரஸ் வைத்திருக்கிறோம் என்றார் மாமனார்.

சரி, அவள் முன்னால் போய் வீடு பார்த்து வைக்கிறாள். காலண்டர் சீசன் முடிந்து அவர் தையில் வரட்டும்.

கல்யாணம் முடிந்த சூடு ஆறவில்லை, அதற்குள் ஆளுக்கொரு தேசமா, ஊர் என்ன பேசும் என்றார்.

அதுவும் வேண்டாமென்றால், அவர் தன் பேரிலேயே வேலை தேடுகிற விசாவுக்கு முயற்சி பண்ணட்டும். டிகிரி இருக்கிறது, கொஞ்சம் அவுக பாஷை படித்துக்கொண்டால் போதும்.

அய்யாதுரை தட்டை ஒதுக்கி வைத்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் நிமிரவில்லை. பிறகு முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

“முடியாதுன்னா முடியாது.”

அடுப்படியில் இருந்த மாமியார் தங்கத்தாய்க்குப் பொறுக்கவில்லை. “அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு வழியாச் சொல்லுது. வெடிக் கம்பெனி வச்சிருக்கிறவுக கூட வீட்டுல இம்புட்டு வெடிக்க மாட்டாக.”

“நீ சும்மா கெட” என்றார் அவர். மனைவியையும் அவர் நேராகப் பார்க்கவில்லை.

பிரீத்திகா செல்போனை எடுத்தாள். வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று ரெண்டு வரி அடித்தாள். அடித்ததை ஒருதரம் படித்துப் பார்த்தாள்.

“அனுப்பிடுறேன் மாமா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு அனுப்புறேன். இந்த வீட்டுல எனக்காக நின்னது உங்க மகன் ஒருத்தர்தான். பொண்டாட்டி விசாவுல போறேன்னு எந்த ஆம்பளை சந்தோசமாச் சொல்லுவாக? அவுக சொன்னாக. உங்களுக்குப் பயந்துதான் இப்ப வாயத் தெறக்கல. அவுக மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உங்க மேலதான். அது என்னைக்கும் போகாது.”

சூர்யா கையைக் கழுவிவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டான். “விடு பிரீத்தி. அப்பா குணம் தெரிஞ்சதுதான? நாம என்ன செய்ய முடியும்?” அவன் கண்கூடக் கலங்கியிருந்தது.

அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையின் பெருவிரல், அனுப்புகிற இடத்துக்குப் போனது.

“பொறு தாயி.”

குரல் இறங்கியிருந்தது. அய்யாதுரை மெதுவாக எழுந்தார். மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல் மகன் பக்கம் திரும்பினார்.

“ஏலே, பிரஸ்ஸுக்கு வர்ற பார்ட்டி விலை குறைக்கச் சொன்னா, ‘எனக்குச் சம்மதந்தாண்ணே, அப்பாதான் விட மாட்டாரு’ன்னு நீ சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட தள்ளிவிடுவ. நான் முடியாதுன்னு கல்லு மாதிரி உக்காந்திருப்பேன். வசவு எனக்கு, நல்ல பேரு உனக்கு. அது ஏவாரம், போகட்டும்.”

சூர்யா தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். பிரீத்திகா விடவில்லை.

“கட்டுனவகிட்டயும் அந்த ஏவாரத்தப் பண்ணணுமாலே? ‘அவ பின்னால போக எனக்குக் கூசுதுப்பா, நான் சரின்னுதான் சொல்லுவேன், நீங்க மாட்டேன்னு நில்லுங்க’ன்னு எங்கிட்ட வந்து அழுதது நீதானலே?”