வக்கீல் அறையில் ஓர் ஒத்திகை

"பதில் சொல்றப்போ தரையைப் பார்க்காதேன்னு எத்தனை தடவைய்யா சொல்றது? தரையா உனக்குத் தீர்ப்பு எழுதப்போகுது?"

வக்கீல் போட்ட சத்தத்தில் வேன் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். மறுநாள் விசாரணை ஆரம்பம். அவன் ஓட்டிய வேன் மோதி ஒரு பெண் இறந்துபோயிருந்தாள். மோதிய வேகத்திலேயே உயிர் போய்விட்டது, பயந்துபோய்க் கிளம்பிவிட்டேன் என்பது அவன் வாக்குமூலம். அது நின்றால் லேசான தண்டனையோடு தப்பலாம். உயிரோடு துடித்தவளை விட்டுவிட்டு ஓடினான் என்று ஆகிவிட்டால் வருஷக்கணக்கில் கம்பி எண்ண வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரன், பாவம், இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகை பார்க்காமல் யாரையும் கூண்டில் ஏற்ற மாட்டார் வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீலாகக் குமாஸ்தாதான் நடிப்பார். அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பல்வலி, லீவு. அதனாலென்ன? வெளியே பெஞ்சில் குடையும் கையுமாக ஒருவர் காத்திருந்தார். வக்கீல் அவரை உள்ளே இழுத்துவந்துவிட்டார்.

"உங்க கேஸை அப்புறம் பார்ப்போம் சார். கொஞ்ச நேரம் அரசாங்க வக்கீலா உட்காருங்க. இவனைப் போட்டு வறுத்தெடுக்கணும், அவ்வளவுதான்."

"ஐயா, நான் வந்தது வேற..."

"அட, சும்மா கேளுங்க! முன்னப்பின்ன தெரியாதவங்க கேட்டாத்தான் இவனுக்கு நல்லா உதறும்."

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரையே பார்த்தார்.

"வண்டியை விட்டு இறங்கினியாப்பா?"

"இறங்கினேங்க."

"கிட்டப் போனியா?"

"போனேன். மூச்சில்லைங்க. கண்ணு மூடியிருந்துச்சு." மனப்பாடம் செய்த பதில் கடகடவென்று வந்தது. வக்கீல் தலையை ஆட்டி ரசித்தார்.

"அப்போ போன் அடிச்சுதா?"

டிரைவரின் முகம் வெளுத்தது.

"போனா? கேஸ் கட்டுல போனே கிடையாதே!" என்றார் வக்கீல். "இருந்தாலும் நல்ல கேள்வி சார், எங்க குமாஸ்தாவுக்குக்கூடத் தோணாது. சொல்லுய்யா, அடிச்சுதா இல்லையா?"

"அடிச்சுது..." டிரைவர் மறுபடி தரையைப் பார்த்தான். "விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க."

"அவ எடுக்கலையா?"

"கை எட்டல. எடுத்துக் குடுங்கண்ணேன்னு என்கிட்டதான் கேட்டாங்க." அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "கூட்டம் வந்தா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்து வண்டியை எடுத்துட்டேன். அந்த மணிச்சத்தம் இன்னமும் காதுல கேக்குதுங்க!"

வக்கீலுக்கு வியர்த்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அடப்பாவி, என்கிட்டயே மறைச்சுட்டியே! நல்லவேளை, இங்கேயே கக்கின. நாளைக்குக் கூண்டுல உளறியிருந்தா என் மானமும் சேர்ந்து போயிருக்கும். போன் அடிக்கவே இல்லை, மூச்சே இல்லை. அவ்வளவுதான் நீ சொல்லணும், புரியுதா?" அவர் குடைக்காரர் பக்கம் திரும்பி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "நீங்களும் காதுல விழுந்ததை இங்கேயே விட்டுடுங்க சார். புண்ணியமாப் போகும். பெரிய உபகாரம் பண்ணிட்டீங்க. சரி, உங்க கேஸ் என்ன, சொல்லுங்க."

குடைக்காரர் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கேஸும் இதுதாங்க. செத்துப்போனது என் சம்சாரம். வலி தெரியாம ஒரே நொடியில போயிட்டான்னு போலீஸ்ல சொன்னாங்க. குழந்தைக்காரனாச்சே, இவனை மன்னிச்சுடுங்கன்னு ஜட்ஜ்கிட்ட நானே கேட்கிறேன்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்."

கதவைத் திறந்தவர், வாசலில் நின்று டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு விடாம போன் அடிச்சது நான்தான்ப்பா."