பதினேழாம் இலக்கத்துப் பேப்பர்

கிருபாகரன் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இருபத்திரண்டு வருடமாகப் பேப்பர்க்கடை நடத்துகிறார். இப்போதெல்லாம் ஒரே பேப்பர் வீட்டுக்கு வீடு வேறு விதமாக அச்சாகி வருகிறது. பத்திரிகை முதலாளி ஒருவர்தான், படமும் ஒன்றுதான். செய்தி மட்டும் வாசிக்கிற ஆளின் மனசுக்குத் தக்கபடி இருக்கும். பொடி எழுத்தில் அச்சான பெயரைப் பார்த்து, மூலையில் பென்சிலால் வீட்டு இலக்கம் எழுதிக் கொடுப்பது இவர் வேலை.

அன்று காலை கண்ணாடி போடாமல் எழுதியதில், தன்னுடைய பேப்பரைப் பதினேழாம் இலக்கத்துக் கிழவி டோரீனுக்குக் கொடுத்துவிட்டார். அவளுடையதைத் தேநீரோடு விரித்தார். முதல் பக்கத்தில் தேர்தலுக்கு நிற்கிற அதே கட்சித் தலைவர், அதே சிரிப்பு. இவருடைய பேப்பரில், உழைக்கிற குடியேறிகளுக்கு ஒரு குறையும் வராது என்று தினமும் சத்தியம் செய்கிறவர், இதில் பிரஜாவுரிமை எடுத்தவர்களையும் விமானம் ஏற்றுவேன் என்றிருந்தார்.

"தவம், தபால் வோட்டை அனுப்பிட்டியே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"திங்கக்கிழமையே ரெண்டையும் போட்டாச்சு. நீங்கள்தானே அப்பா அவருக்குப் போடச் சொன்னனீங்கள்? பேப்பர்க்கடைக்காரனுக்குத் தெரியாத அரசியலோ எண்டு புளுகினியள் வேற!" என்றாள் தவம்.

கடைக் கதவு மணி அடித்தது. டோரீன் பேப்பரை மேசையில் போட்டாள்.

"இது என்னுடையது இல்லை, கிருபா. முழுக்கப் பொய். நீங்கள் எல்லாரும் இங்கேயே இருப்பீர்களாம்!"

சிரித்துக்கொண்டே வழக்கம்போலப் பால் போத்தலும் எடுத்தாள்.

கிருபாகரன் அவளுடைய பேப்பரை மடித்தார். மூலையில் பதினேழு என்று எழுதி நீட்டினார். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார்.