தொமிலு

குழந்தைகள் புதுச்சொல்லை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் கல்லூரி மாணவியின் ஆய்வு. ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருந்தால் ஆய்வு கந்தல். அதனால் மூன்று கால் முளைத்த மரப்பந்து ஒன்றைத் தானே செதுக்கி, ‘தொமிலு’ என்று வாய்க்கு வந்த பெயரை வைத்தாள். மழலையர் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மாலையில் அவள் பையைப் பிரித்த அம்மா கேட்டாள்:

“எதுக்குடி புதுசா ஒரு தொமிலு? பழசுதான் இருக்கே.”

“எந்தப் பழசும்மா?”

“நல்லா கேட்ட போ! சின்னதுல அது இல்லாம தூங்கவே மாட்டியே.”

அலமாரியின் அடித்தட்டிலிருந்து, துணியில் சுற்றியிருந்த ஒன்றை அம்மா எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் மூன்று கால்கள். ஒரு காலில் பால்பற்களின் தடம் பதிந்திருந்தது. மாணவி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

எச்சில் இன்னும் காயவில்லை.