ஒரே ரசனைக்காரர்

ஆர்.எஸ்.புரத்து வாடகை நூலகத்துக்குப் போன மாதம் கம்ப்யூட்டர் வந்தது; பழைய பதிவேடெல்லாம் அதில் ஏறியது. கார்டு நம்பரைத் தட்டினால், நம்மைப் போன்ற ரசனைக்காரர்கள் வேறு என்ன நாவல் எடுத்தார்கள் என்று பார்த்துச் சீட்டு அடித்துத் தரும். ஊரே மெச்சியது. கௌதமனுக்கு மட்டும் எரிச்சல்.

"ஏனுங்க, எனக்கு மறுக்காவும் செவ்வந்தி நாவல்தானா?"

"நீங்க அந்தம்மா புத்தகத்தையே முப்பது தடவை எடுத்திருக்கீங்க. மெஷின் வேறென்னத்தைச் சொல்லும்?" என்றார் நூலகக்காரர் வெள்ளியங்கிரி.

"எனக்குச் சொல்லி என்னங்க பிரயோசனம்? மத்தவங்களுக்கு அடிக்கிற சீட்டுல ஒருக்காகூட அந்தப் பேரு வரலியே!"

"வேற ஆராச்சும் எடுத்திருந்தாத்தானுங்க வரும்."

"ஒருத்தர்கூடவா இல்லை? நல்லாப் பாருங்க. நீங்க அவங்க அடுத்த நாவலை வாங்கியே ஆகோணும்."

வெள்ளியங்கிரி தட்டினார். "அட, ஒருத்தர் இருக்காங்க! பூவாத்தாள்னு பேரு. விலாசம்... ஏனுங்க, இது உங்க ஊடுதானே?"

கௌதமன் கூரையைப் பார்த்தார். "சம்சாரமுங்க."

"அந்த அம்மணி கதைப் புத்தகமே தொடமாட்டாங்களே! அதையும் நீங்கதான் எடுத்தீங்களாக்கும்? ஒரே ஆளுக்காக நான் வாங்கமாட்டேனுங்க. இனிச் செவ்வந்தியே வேண்டாம்."

வெளியே வந்த கௌதமன், பதிப்பகத்துக்கு அனுப்ப வைத்திருந்த கையெழுத்துப் பிரதியைப் பையிலிருந்து எடுத்தார். ராத்திரி பகலாக அவரே எழுதிய நாவல். முதல் பக்கத்தில் 'செவ்வந்தி' என்பதை அடித்துவிட்டு, 'அன்புச்செல்வி' என்று எழுதினார்.

பிறகு மறுபடி உள்ளே போனார்.

"மச்சினன் பேருல புதுசா ஒரு கார்டு போடுங்க."